தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்

மலையகம் பற்றிய கூட்டம் எதுவானாலும் அந்தக் கதை வராமல் போகாது. 2023இல், மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டு என்று ஊரெங்கும் நினைவு கூர்ந்த நேரம், ஹற்றனில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சாளர் அந்த இடத்துக்கு வந்தார். "தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கெடைக்கும்னு சொல்லித்தான் நம்ம பாட்டன் பூட்டனையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்தான் கங்காணி." சபை சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு. இந்தக் கதைக்கு என்றே ஒரு சிரிப்பும் ஒரு பெருமூச்சும் இருக்கின்றன. இரண்டும் ஒழுங்கு தவறாமல் வரும்.

எனக்குப் பக்கத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி இருந்தார். எங்கள் கடையில் பற்றுக்குச் சாமான் வாங்கிய வீட்டுக்காரர். கடை மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் என்னைச் "சின்ன மொதலாளி" என்றுதான் கூப்பிடுவார். மெதுவாகச் சொன்னார்: "ஏன் சின்ன மொதலாளி, எங்க பாட்டனுக என்ன கூமுட்டைகளா? காலம் பூரா மண்ணைக் கொத்துன சாதி. மண்ணுக்குள்ள தேங்கா காய்க்காதுன்னு தெரியாதா அவங்களுக்கு?"

"அப்ப ஏன் பாட்டி சொல்றாங்க?"

"நானுந்தான் எம் பேரப்புள்ளைகளுக்குச் சொல்லுவேன். சொல்லிக்கிட்டா மனசுக்கு ஒரு இதுவா இருக்கும்."

அந்த "இது" என்ன என்பதுதான் இக்கட்டுரையின் விசாரணை. மலையக இலக்கியம் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இந்தக் கதை ஒரு வரலாற்றுத் தகவலாகவே கையாளப்படுகிறது. ஆள்பிடிப்பவனின் பொய், அப்பாவிகளின் ஏமாற்றம் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். கதையைக் கதையாக வாசித்தவர்கள் குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆள்சேர்ப்பு நேர்மையாக நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஊரில் கொடுத்த முன்பணம் தோட்டத்தில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், ஆளின் கடனைக் குறித்த "துண்டு" வேண்டும். அந்தக் கடனை ஏற்கும் தோட்டத்துக்குத்தான் போகலாம். 1921இல் சட்டம் வந்து இந்தத் துண்டு முறையை ஒழிக்கும்வரை ஆளும் கடனும் சேர்ந்தேதான் இடம் மாறின. ஏமாற்று இருந்தது, ஏராளமாக இருந்தது. அது கணக்கில் இருந்தது, கொப்பியில் இருந்தது, அரிசியின் விலையில் இருந்தது. தூருக்கடியில் தேங்காயாக இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

கதையைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். கோப்பிக் காலத்தில் ஆட்கள் நிரந்தரமாக வந்து தங்கவில்லை. பருவத்துக்கு வந்தார்கள், பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் ஆட்களைப் பறிகொடுத்து வந்தவர்கள், போகும்போதும் அந்த வழியேதான் போனார்கள். போனவன் ஊரில் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பான்? கங்காணி என்பவனும் வானத்திலிருந்து குதித்தவனல்லன். பெரும்பாலும் அதே ஊர்க்காரன், அதே சாதிக்காரன், பல வேளை சொந்தக்காரன். தேயிலைக் காலம் வருவதற்குள் இரண்டு தலைமுறைப் போக்குவரத்து நடந்துவிட்டது. கண்டிச்சீமையில் குளிர், அட்டை, கடன், கங்காணியின் பிரம்பு எல்லாம் உண்டென்று திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமங்களுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

அடுத்தது மாசி. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இதுவரை யாரும் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பு. மாசி எங்கள் நாட்டுக்காரர்களின் சாமான். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, விறகுக்கட்டை போலக் காயவைத்து மாலைதீவிலிருந்து கொழும்புக்கு வரும். கடலோர ஊர்களான கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்தில் அதன் ருசி தெரியும். ஆனால் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக ஆள் வந்தது உள்நாட்டு வறண்ட பூமியிலிருந்து. கம்பும் கேழ்வரகும் தின்ற சேலத்துக் குடியானவனிடம் "மாசி கிடைக்கும்" என்று ஆசை காட்டுவதில் என்ன பிரயோசனம்? நெல்லுச்சோறு கிடைக்கும் என்றால் வாயூறும். தங்கம் கிடைக்கும் என்றால் நம்பாவிட்டாலும் கேட்பான். மாசி என்றால், "அது என்னய்யா?" என்றல்லவா கேட்டிருப்பான்.

தேங்காயும் மாசியும் சேர்ந்தால் சம்பல். ரொட்டியைச் சுட்டு, சம்பலைத் தொட்டு, சாயத்தண்ணி குடித்துவிட்டு மலையேறியவருக்குத்தான் அந்தச் சோடி ஒன்றாக நாக்கில் வரும். அதாவது இந்தப் பொய் இந்தியாவில் சொல்லப்பட்டதல்ல, இங்கே லயத்தில், அடுப்படியில் பிறந்தது என்பது என் வாசிப்பு. நாலாயிரம் அடிக்கு மேலுள்ள ஹற்றனில் தென்னை காய்க்காது. மாசி கடல் கடந்து வருவது. தோட்டத்தில் அரிசி கிடைத்தது, சம்பளத்தில் வெட்டிக்கொண்டு கொடுத்தார்கள். ஆனால் அரைமூடித் தேங்காய்க்கும் ஒரு துண்டு மாசிக்கும் கடைக்குப் போக வேண்டும், காசில்லாவிட்டால் பற்று எழுத வேண்டும். மலையில் எது காய்க்காதோ, எதற்காகக் கொப்பியில் கடன் ஏறுமோ, அதுவே தூருக்கடியில் இலவசமாகக் கிடைப்பதாக ஒரு கதை. இதைக் கட்டியவர் ஏமாந்தவரல்லர், நன்றாகக் கணக்குப் பார்த்தவர். தன் நிலைமையைத் தானே கேலி செய்யத் தெரிந்தவர்.

கேலியாகப் பிறந்தது எப்போது சரித்திரமானது? பேரப்பிள்ளைகள் வாயில்தான் என்று நினைக்கிறேன். அங்கேதான் பாட்டி சொன்ன "இது" வருகிறது. "உங்க பாட்டன் ஏன் ஊரை விட்டு வந்தார்?" என்ற கேள்விக்கு உண்மையான பதில்கள் தொண்டையில் சிக்கக் கூடியவை. 1876 தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். மிஞ்சியவர்களில் பலர் கப்பலேறினார்கள். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள், வயதான தாயை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். வந்தவர்களில் கணிசமானவர்கள் சேரிக்காரர்கள். செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருவிலிருந்தும், பண்ணையடிமைச் சீட்டிலிருந்தும் தப்பி வந்தவர்கள். இதையெல்லாம் ஒரு பிள்ளைக்குச் சொல்வதைவிட "நம்மள ஏமாத்திப்புட்டான்" என்று சொல்வது எளிது. ஏமாந்தவனுக்கு வெட்கம் கொஞ்சந்தான். விரட்டப்பட்டவனுக்கும், விட்டுவிட்டு வந்தவனுக்கும் அப்படியல்ல. தேங்காயும் மாசியும் சாதியைப் பற்றிப் பேசவிடாமல் மூடி வைத்த மூடி. இந்த மூடி வேண்டியிருந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் பல சாதிக்காரரும் வாழ வேண்டியிருந்தது.

நம் இலக்கியம் இதை எப்படிக் கையாண்டது? மலையகத்தின் ஆரம்ப கால அச்சு நூல்களில் ஒன்று 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய "கோப்பிக் கிருஷிக் கும்மி". அது துரைமாருக்கு இதம் தரும் கற்பனை. தோட்ட வேலை நல்ல வேலை, உழைத்தால் உயர்வு என்ற பாணியில் போகும். தொழிலாளிக்கு மட்டுமல்ல, தோட்டக்காரனுக்கும் இரவில் நித்திரை வர ஒரு பொய் தேவைப்பட்டது என்பதற்கு அந்தக் கும்மியே சாட்சி. அதே ஆண்டில்தான் கோப்பி இலையில் துரு நோய் காணப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கும்மி இன்னொரு விதமாகக் கேட்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், புறப்பாட்டின் காரணத்தைக் கூர்மையாகப் பிடித்தவர் இங்கே வாழாத ஒருவர். புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி" (1935) வாசவன்பட்டியில் தொடங்குகிறது. மருதியைக் கப்பலேற்றுவது தேங்காயுமல்ல, மாசியுமல்ல. பண்ணை, சேரி, புருஷன் சிறைக்குப் போவது, வயிறு. ஆள்பிடிப்பவன் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு அந்த ஊரில் இடமில்லை. தோட்டத்தைப் பற்றிய அவரது சித்திரத்தில் கேள்விஞானத்தின் குறைகள் உண்டு. எங்கள் விமர்சகர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவார்கள். ஊரைப் பற்றி அவர் எழுதியதை அவ்வளவு உற்சாகமாக எடுத்துச் சொல்வதில்லை. காரணம் விளங்குகிறது.

கோகிலம் சுப்பையா 1964இல் தந்த நாவலுக்குத் "தூரத்துப் பச்சை" என்றே பெயர். பழமொழியின் முதற்பாதி; மறுபாதியை வாசகரே நிரப்பிக்கொள்வார். பெண்களை நடுவில் நிறுத்தித் தமிழகக் கிராமத்திலிருந்து தோட்டம்வரை கொண்டு வரும் அந்த நாவலின் நியாயமான பெருமைகள் பல. ஆயினும் அந்தத் தலைப்பே ஒரு வாசிப்பை நம்மீது திணித்துவிட்டது: தூரத்தில் பச்சை, கிட்டே வந்தால் ஏமாற்றம். புறப்பட்ட இடத்தில் இருந்த வறட்சியை அந்தத் தலைப்பு கணக்கில் எடுக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மக்கள் பாடல்களுக்குப் போனால் இன்னொரு குரல் கேட்கிறது. ஊரையும் பனந்தோப்பையும் பெற்ற தாயையும் வரிசையாக எண்ணிக் கணக்குப் பார்க்கும் குரல். அது ஏமாந்தேன் என்று சொல்லவில்லை, இழந்தேன் என்கிறது. விமர்சனம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது என்பது என் குறை.

இது வெறும் இலக்கியச் சண்டையல்ல. ஏமாந்த கதையில் வளர்ந்த சமூகத்தை மறுபடி ஏமாற்றுவது சுலபம், ஏனென்றால் அதற்கு எப்போதும் ஒரு மீட்பர் தேவைப்படுகிறார். மேடையில் தேங்காய் மாசிக் கதையைச் சொல்பவர் அடுத்த வாக்கியத்தில் தன்னையே மீட்பராக நிறுத்திக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இன்னொன்று "ஊர்" என்ற கற்பனை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்த பிறகு, "இல்லாட்டிப் போனா நமக்குன்னு ஒரு ஊர் இருக்கு" என்ற ஆறுதல் எத்தனையோ லயங்களில் அடுப்பை எரிய வைத்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். "தூரத்துப் பச்சை" வந்த அதே ஆண்டு. ஒப்பந்தத்தில் அங்கே போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக்குத்தான் போனார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் "சிலோன்காரன்". இங்கே "இந்தியாக்காரன்", அங்கே "சிலோன்காரன்". அந்த ஊர் இருந்ததெல்லாம் பேச்சில்தான் என்பதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவும் அடுத்த வீட்டுக் கதை. நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அந்தத் தேங்காயையும் மாசியையும் விற்றது யார்? கங்காணிகள் கடை வைத்திருந்தார்கள், செட்டியார்கள் இருந்தார்கள், சிங்களவர் கடைகளும் இருந்தன. ஆனால் ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, பொகவந்தலாவைக் கடைவீதிகளை அறிந்த எவருக்கும் "ராவுத்தர் கடை", "காக்கா கடை" என்ற சொற்கள் அந்நியமல்ல. மலையகச் சிறுகதைகளில் முஸ்லிம் பாத்திரம் வந்தால் பெரும்பாலும் ஒரு தராசோடும் ஒரு பற்றுக் கொப்பியோடும் வருவார். சில கதைகளில் நல்லவர், சிலவற்றில் கறாரானவர். அந்தக் கொப்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் வீட்டுக்குள் எந்தக் கதையும் போகவில்லை. நாமும் எழுதவில்லை. தோட்டத்தை உள்ளிருந்து அறிந்த அல் அஸூமத் போன்ற ஒரு சிலரை விட்டால், மலைநாட்டு முஸ்லிம் எழுத்து கடைவீதியிலிருந்து மலையை நிமிர்ந்து பார்த்ததே ஒழிய ஏறிப் போகவில்லை.

ஏனென்றால் நமக்கும் ஒரு கதை இருந்தது. "அவங்க கூலிக்கு வந்தவங்க, நாங்க யாவாரத்துக்கு வந்தவங்க." இந்திய வம்சாவளி முஸ்லிம் வீடுகளில் இந்த வாக்கியம் பல வடிவங்களில் புழங்குகிறது. துணி மூட்டையோடு வந்த பாட்டன், முத்து வணிகத்துக்கு வந்த பாட்டன், சும்மா ஊர் பார்க்க வந்து தங்கிவிட்ட பாட்டன். இது நம் சமூகத்துக்குப் பழகிய விளையாட்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதியபோது, 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதினார். அரசியல் பிரதிநிதித்துவம் பணயத்தில் இருந்த நேரத்தில் அந்த மறுப்பு அவசியமானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரபு வணிகன் என்ற முன்னோரை ஒருமுறை சட்டமன்ற வாசலில் நிறுத்திவிட்டால், அவர் பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்றுவிடுகிறார். 1915 கலவரத்தில் அடி விழுந்தபோது "அது கரையோரத்துக்காரர் மேலுள்ள கோபம், எங்கள் மேல் அல்ல" என்று சொல்லிக்கொண்ட ஆறுதலும் இந்த வகைதான். குடிசன மதிப்பீடு இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு பெட்டி வைத்தது. முதல் பெட்டிக்குள் ஏறிக்கொள்ள வழி தேடாத இந்திய முஸ்லிம் குடும்பம் மலைநாட்டில் அரிது.

சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். யாவாரத்துக்கு வந்தவரும் கூலிக்கு வந்தவரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. கலியாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இங்கே தொடர்ச்சியாக இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் நன்னியின் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. அவர் மௌத்தான பிறகுதான் திறந்தோம். நன்னாவின் விண்ணப்பப் பிரதி, மடித்த இடத்தில் கிழிந்து, உள்ளே இருந்தது. எங்கள் நன்னா இராமநாதபுரத்திலிருந்து சாரன் மூட்டையோடு வந்து வீடு வீடாக விற்று, பிறகு கடை போட்டவர் என்பதுதான் நாங்கள் அறிந்த சரித்திரம். எந்தெந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்ற பகுதியில் முதல் வரியில் ஒரு தோட்டத்தின் பெயர், ஒரு டிவிஷன், ஒரு செக்ரோல் இலக்கம். ஐந்து வருடம் பேர் விழுந்திருக்கிறது. கடை அடுத்த வரியில்தான் வருகிறது, அதுவும் உதவியாளாக.

நன்னிக்கு இது தெரிந்திருக்கிறது. பெரட்டுக் களத்தில் நின்ற மனுசனைக் கலியாணம் முடித்தவர் அவர்தானே. ஆனாலும் வாழ்ந்த காலமெல்லாம் அந்தச் சாரன் மூட்டையைப் பற்றித்தான் பேசினார். எந்த நிறம், எத்தனை உருப்படி, மூட்டையை வைத்துத் தூங்கிய சத்திரம் எது என்றெல்லாம் விவரமாகச் சொல்வார். கடைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளோடு நாங்கள் விளையாடினால் கூப்பிட்டுக் கைகால் கழுவச் சொன்னதும் அவர்தான்.

இப்ஸனின் "காட்டு வாத்து" (1884) நாடகத்தில் ஒருவன் நண்பனின் வீட்டுக்குள் வந்து, அந்தக் குடும்பம் எந்தப் பொய்யின் மேல் நிற்கிறது என்பதை அம்பலப்படுத்துகிறான். உண்மை அவர்களை உயர்த்தும் என்று நம்புகிறான். கடைசியில் ஒரு சிறுமி செத்துப் போகிறாள். வீட்டுக்காரர்கள் உயர்ந்ததாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்த நாடகம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் பக்கத்திலிருந்த பாட்டியின் ஆறுதலைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? அவருக்கு அது பொய்யென்று தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறார். அவர் பேரப்பிள்ளைக்கு அது தெரியாது, மேடையில் பேசியவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆகவே பாட்டியிடம் நான் வழக்காடவில்லை. விமர்சகர்களிடமும் என் வீட்டாரிடமும்தான் வழக்காடுகிறேன். பாட்டியின் கதை அவரைத் தவிர யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கதையோ பாட்டியைக் கடைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி வைத்துத்தான் எங்களுக்கு ஆறுதல் தந்தது.

அத்தாவிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அந்தக் காலத்துல ஃபோர்ம் நெரப்புறவனுக எதையாச்சும் எழுதி வுட்டுருவானுக" என்றார். பிறகு, "அஞ்சு வருசமா?" என்று கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

போன பெருநாளுக்கு என் தங்கையின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நன்னா எப்படி இந்த ஊருக்கு வந்தார் என்று கேட்டார்கள். அத்தா சாரன் மூட்டையில் தொடங்கினார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். மூட்டை தலைமன்னாரில் இறங்கி, ரயிலேறி, ஹற்றன் வரை வந்து சேர்ந்தது. அங்கே அத்தா கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாள் தோட்டத்துலயும் இருந்தாராம்" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய்விட்டார்.